வீட்டையும் விருந்தாளிகளையும் வரைந்தவர்: ஜெமைமா பிளாக்பர்ன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெமைமா பிளாக்பர்ன் யார்?

1823-ல் எடின்பரோவில் பிறந்த ஸ்காட்லாந்து ஓவியர். பிறந்த குடும்பப் பெயர் வெட்டர்பர்ன். அப்பா ஸ்காட்லாந்து அரசின் மூத்த சட்ட அதிகாரிகளில் ஒருவர். மகள் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். 1849-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஹியூ பிளாக்பர்னை மணந்தார். 1854-ல் இருவரும் மேற்குக் கடற்கரையில், லாக் ஐலர்ட் என்ற கடற்கழியின் ஓரம், ரோஷ்வென் என்ற பண்ணையை வாங்கினார்கள். ஜெமைமா 1909-ல் அங்கேயே காலமானார்.

பறவை ஓவியராகத்தான் அவர் அதிகம் பேசப்படுகிறார். 1862-ல் வந்த அவருடைய பறவைப் படநூல் அந்தக் காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்டது. ஆனால் கூட்டிலும் கிளையிலும் பறவையைப் பார்த்த அதே கண்ணோடு அவர் தன் வீட்டு ஆட்களையும் பார்த்தார். அத்தை, மாமா, தம்பி முறைப் பையன்கள், பண்ணையாட்கள், படகில் வந்திறங்கும் விருந்தாளிகள் என்று யாரையும் விடவில்லை. அந்த நீர்வண்ணப் படங்களைப் பற்றியதே இந்தப் பக்கம்.

இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லுக்கும் இவருக்கும் என்ன உறவு?

ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இவருக்குத் தாய்மாமன் மகன். ஜெமைமாவின் அம்மா இசபெல்லாவும் மேக்ஸ்வெல்லின் அப்பா ஜானும் கூடப்பிறந்தவர்கள். மேக்ஸ்வெல் பிறந்தது 1831-ல். ஜெமைமா எட்டு வயது மூத்த அக்கா.

1841-ல் பத்து வயதுப் பையனாக எடின்பரோ அகாடமியில் சேர்ந்தபோது, மேக்ஸ்வெல் ஹெரியட் ரோ தெரு 31-ம் எண் வீட்டில் அத்தையோடு தங்கினார். அது ஜெமைமா வளர்ந்த வீடு. பையனுடைய அப்பா தானே வடிவமைத்துக் கொடுத்த முரட்டுத் துணி அங்கியும் சதுரமுனைச் செருப்பும் பள்ளியில் கேலிக்கு ஆளாயின. கிராமத்துப் பேச்சும் சேர்ந்துகொள்ள, "கிறுக்கன்" என்ற பொருளில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அதே பையன் வீட்டில் எப்படி இருந்தான், விடுமுறையில் தன் அப்பாவின் கிளென்லேர் பண்ணையில் என்ன செய்தான் என்பதைக் கண்ணால் பார்க்க நமக்கு வாய்த்திருப்பது இந்த அக்கா வரைந்ததால்தான்.

அந்தப் படங்களில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

1837-ம் வருட அறுவடை விழாப் படம். கிளென்லேர் களஞ்சியத்தில் ஆட்டம் நடக்கிறது. ஆறு வயது மேக்ஸ்வெல் ஆடுகிறவர்களைக் கவனிக்கவில்லை. பிடில் வாசிப்பவரின் வில்லையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த விழா நடந்தபோது ஜெமைமாவுக்கு 14 வயது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். ஆகவே அந்த இரவுக்குப் புகைப்படம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, பண்ணை வாத்துக்குளத்தில் பையன் மரத்தொட்டி ஒன்றில் உட்கார்ந்து துடுப்புப் போடும் காட்சி. தொட்டி கவிழாமலிருக்க அவன் எங்கே எடையை வைத்திருக்கிறான் என்று பாருங்கள். உடலின் எடை எங்கே விழுகிறது என்பதைச் சரியாகப் பிடிப்பதுதான் ஜெமைமாவின் பெரிய பலம். முகங்கள் பல இடங்களில் நாலைந்து புள்ளிகளோடு முடிந்துவிடும். ஆனாலும் முதுகின் வளைவிலேயே ஆளை அடையாளம் காணலாம்.

படம் சுழற்றும் விளையாட்டுத் தட்டுகளையும் குறிப்பிட வேண்டும். தட்டின் விளிம்பில் ஒரே அசைவின் அடுத்தடுத்த நிலைகளை வரைந்து, கண்ணாடி முன் சுழற்றி, பிளவு வழியாகப் பார்த்தால் படம் அசையும். மேக்ஸ்வெல் சிறுவயதில் இவற்றைச் செய்தபோது வரைவதற்கு ஜெமைமாவும் கைகொடுத்தார்.

இந்தப் படங்களை எங்கே பார்க்கலாம்?

மேக்ஸ்வெல்லின் பள்ளித் தோழர் லூயிஸ் கேம்ப்பெல்லும் வில்லியம் கார்னெட்டும் சேர்ந்து எழுதிய 1882-ம் வருட வாழ்க்கை வரலாற்றில் சில படங்கள் அச்சாகியுள்ளன. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் வருடிய பிரதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1882 பதிப்பையே தேடுங்கள். எடின்பரோ போகிறவர்கள் இந்தியா தெரு 14-ம் எண் வீட்டுக்குப் போகலாம். மேக்ஸ்வெல் பிறந்த அந்த வீட்டை அவர் பெயரிலுள்ள அறக்கட்டளை பராமரிக்கிறது.

தேடும்போது பெயரில் சிக்கல் வரும். அவருடைய புத்தகங்கள் "ஜே.பி." என்ற எழுத்துகளோடும், "திருமதி ஹியூ பிளாக்பர்ன்" என்ற பெயரிலும் வந்தன. திருமணத்துக்கு முந்தைய படங்கள் வெட்டர்பர்ன் என்ற பெயரில் பட்டியலாகியிருக்கும். மூன்று பெயரிலும் தேடாவிட்டால் பாதிதான் கிடைக்கும்.

ரோஷ்வென் வீட்டுக்கு யார் யார் வந்தார்கள்?

வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு, கணவரின் கேம்பிரிட்ஜ் நாள் நண்பர். 1871-ல் அவருடைய பாய்மரப் படகில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ரோஷ்வெனுக்கு வந்தார். விலங்கு ஓவியத்தில் அன்று தலைசிறந்தவராக எண்ணப்பட்ட லேண்ட்சீரை ஜெமைமா இளம் வயதிலேயே லண்டனில் சந்தித்திருந்தார். விலங்குகளை வரைவதில் இவருக்குத் தான் கற்றுத்தர ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதாகப் பதிவு உண்டு. கலை விமர்சகர் ரஸ்கினும் நண்பர்.

1878-ல் நாவலாசிரியர் ட்ரோலப் உட்பட ஒரு குழு 'மாஸ்டிஃப்' என்ற கப்பலில் ஐஸ்லாந்து போனபோது ஜெமைமாவும் போனார். ட்ரோலப் எழுதிய பயண நூலுக்குப் படங்கள் இவருடையவை. சக பயணிகள் குதிரையில் தடுமாறுவதையும் கூடாரத்தில் நெருங்கிக் கிடப்பதையும் வீட்டாரை வரைந்த அதே கையோட்டத்தில் வரைந்திருக்கிறார்.

குயில் குஞ்சுப் படம் என்று ஒன்று அடிக்கடி பேசப்படுகிறதே?

ஐரோப்பியக் குயில், புல்வெளி நெட்டைக்காலிக் குருவியின் கூட்டில் முட்டையிடும். பிறந்த குயில் குஞ்சே மற்ற குஞ்சுகளை வெளியே தள்ளுகிறது என்று எட்வர்டு ஜென்னர் 1788-ல் எழுதினார். பலர் நம்பவில்லை. கண் திறக்காத, இறகில்லாத குஞ்சால் அது எப்படி முடியும் என்பது அவர்கள் கேள்வி. ஜெமைமா அதைக் கண்ணால் பார்த்து வரைந்தார்: குஞ்சு முதுகிலுள்ள பள்ளத்தில் பக்கத்துக் குஞ்சை ஏற்றி, பின்னோக்கி நகர்ந்து, கூட்டின் விளிம்பைத் தாண்டித் தள்ளுகிறது. 1872-ல் 'நேச்சர்' இதழில் அவருடைய கடிதம் வெளிவந்தது. அதுவரை மறுத்துவந்த பறவையியலாளர் ஜான் கூல்ட் கருத்தை மாற்றிக்கொண்டார். அதே 1872-ல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஆறாம் பதிப்பில் டார்வின், கூல்ட் வழியாகக் கிடைத்த நேரடிச் சாட்சியம் ஒன்றைச் சேர்த்தார்.

குடும்பப் படங்களுக்கும் இதற்கும் தொடர்பு நேரானது. பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் வரையும் பழக்கம் அவருக்குத் தன் வீட்டு வரவேற்பறையிலேயே வந்துவிட்டது. குயில் விஷயத்தில் அவருடைய பென்சிலை அறிவியலாளர்கள் நம்பினார்கள் என்றால், பிடில் வில்லைப் பார்க்கும் பையன் படத்தையும் நாம் நம்பலாம்.

பெண்கள் அப்போது ஓவியப் பள்ளியில் சேர முடியாதா?

லண்டன் ராயல் அகாடமியின் பள்ளியில் முதல் பெண் சேர்ந்தது 1860-ல். லாரா ஹெர்ஃபோர்டு தன் படங்களை முதலெழுத்து மட்டும் போட்டு அனுப்ப, ஆண் என்று நினைத்து இடம் கொடுத்துவிட்டார்கள். உடலமைப்பை நேரில் பார்த்து வரையும் வகுப்பு அங்கே பெண்களுக்கு 1890-களில்தான் திறந்தது, அதுவும் கட்டுப்பாடுகளோடு. ஆகவே திறமையுள்ள பெண்ணுக்குக் கிடைத்த மாதிரி அவளுடைய சொந்த வட்டம்தான்: தைத்துக்கொண்டிருக்கும் அக்கா, தூங்கும் தாத்தா, பால் கறக்கும் ஆள். "பொழுதுபோக்கு ஓவியம்" என்று இவற்றை ஒதுக்குவது தவறு. வாய்ப்பு மறுக்கப்பட்ட இடத்தில் கையில் கிடைத்ததை வைத்து ஒரு முழுப் பயிற்சியையே அவர்கள் உருவாக்கிக்கொண்டார்கள். யார்க் நகரின் மேரி எல்லன் பெஸ்ட் (1809–1891) இன்னோர் எடுத்துக்காட்டு. சமையலறை, சாப்பாட்டு மேசை, தன் ஓவிய அறை எல்லாவற்றையும் விரிப்பின் பூவேலை வரை வரைந்தவர் அவர்.

அந்தக் காலத்து நீர்வண்ணப் பெட்டியில் என்ன இருந்தது?

1830-களுக்கு முன் வண்ணம் காய்ந்த கட்டியாக வந்தது. பீங்கான் தட்டில் தண்ணீர் விட்டுச் சந்தனம்போல உரைத்தெடுக்க வேண்டும். பயணத்தில் அது முடியாத காரியம். 1835 வாக்கில் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் கிளிசரின் சேர்த்த ஈரப்பதமுள்ள வண்ணத்தைச் சிறு பீங்கான் கிண்ணங்களில் விற்கத் தொடங்கியது. ஈரத் தூரிகையால் தொட்டாலே வண்ணம் வரும். கருப்பு அரக்குப் பூச்சுத் தகரப்பெட்டியில் பத்துப் பன்னிரண்டு கிண்ணங்கள், மூடியின் உட்புறமே கலக்கும் தட்டு. படகிலும் களஞ்சியத்திலும் உட்கார்ந்து வரைவது இதனால் எளிதானது.

பிணைப்புப் பொருள் கருவேல வகை மரத்தின் கோந்து. காகிதத்தில் பெயர் பெற்றது கென்ட் பகுதியின் வாட்மன் காகிதம். கந்தல் துணிக்கூழில் செய்து, மேலே ஜெலட்டின் பசை ஏற்றியது. பசை இருப்பதால் வண்ணம் உடனே உறிஞ்சப்படாமல் மேலே நிற்கும். தவறினால் ஈரத் துணியால் ஒற்றி எடுக்கவும் முடியும்.

வெள்ளைக்கு 1834-ல் வந்த "சைனீஸ் ஒயிட்" என்ற துத்தநாக வெள்ளை. அதற்கு முன் ஈயவெள்ளை. பழைய படங்களில் சரிகையிலும் மூக்கு நுனியிலும் கரும்புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் ஈயவெள்ளைதான்: நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக வாயு பட்டுக் கறுத்துவிட்டது. பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் ஹைட்ரஜன் பெராக்சைடால் அதை மறுபடி வெளுக்க வைக்க முடியும். வீட்டில் முயலவே கூடாது.

தேதி போடாத படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று எப்படிக் கணிப்பது?

முதலில் காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வாட்மன் தாள்களில் பெயரோடு ஆண்டும் நீர்க்குறியாக இருப்பதுண்டு. 1845 என்றிருந்தால் படம் அதற்கு முன் வரைந்ததாக இருக்க முடியாது. பின்னர் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். தாளை வாங்கி வருடக்கணக்கில் வைத்திருந்து வரைபவர்கள் உண்டு. இந்த வித்தியாசத்தை மறப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

அடுத்தது உடை. தோளருகே பலூன்போல உப்பிய கை 1830-களின் முதல் பாதி. 1836 வாக்கில் சட்டென்று வற்றிவிட்டது. இரும்பு வளையக் கூண்டால் விரிந்த பாவாடை 1856-க்குப் பின். பின்புறம் மட்டும் தூக்கி நிற்பது 1870-களும் 80-களும். உப்பிய கை 1890-களின் நடுவில் திரும்பி வந்தது. இங்கே ஏமாறாமலிருக்கத் தலையலங்காரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கூட்டத்தில் இளையவளின் உடையை வைத்தே கணிக்க வேண்டும். பாட்டிமார்கள் இருபது வருடத்துக்கு முந்தைய உடையிலேயே இருப்பார்கள்.

வண்ணமும் உதவும். பிரெஞ்சு அல்ட்ராமரின் 1828-க்குப் பின். விரிடியன் பச்சை 1859-க்குப் பின். ஆனால் இதற்கு ஆய்வகக் கருவி வேண்டும், வெறும் கண் போதாது.

பழைய படங்களில் வானம் ஏன் செந்நிறமாக, மரங்கள் ஏன் நீலமாக இருக்கின்றன?

வரைந்தவர் அப்படி வரையவில்லை. சாம்பல் மேகத்துக்கு அவுரி நீலத்தையும் செம்மண் நிறத்தையும் கலப்பார்கள். வெளிச்சத்தில் அவுரி வெளுத்துப்போக, செம்மண் மட்டும் மிஞ்சுகிறது. இலைப் பச்சைக்கு நீலத்தோடு காம்போஜ் என்ற மரப்பிசின் மஞ்சளைச் சேர்ப்பார்கள். மஞ்சள் போய்விட, நீலம் நிற்கிறது. பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் சிவப்பு இன்னும் வேகமாக மறையும். முகங்கள் பேயறைந்ததுபோல வெளிறியிருப்பதற்குக் காரணம் அது. வேதியியலாளர்களான ரஸ்ஸலும் ஆப்னியும் நீர்வண்ணங்களை வெயிலில் வைத்துச் சோதித்து 1888-ல் அரசுக்கு அறிக்கை கொடுத்த பிறகுதான் இந்த உண்மையை யாரும் மறுக்க முடியாமல் போனது.

படச்சட்டத்தின் விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த அரை அங்குலத்தைப் பார்த்தால் முதல் நிறம் தெரியும். ஆல்பத்துக்குள்ளேயே மூடிக் கிடந்த படங்கள் சுவரில் தொங்கியவற்றைவிடப் பல மடங்கு பளிச்சென்றிருப்பதும் இதனால்தான்.

அதே முறையில் நம் வீட்டு ஆட்களை வரைய என்ன வேண்டும்? எப்படித் தொடங்குவது?

தேவை கொஞ்சம்தான்: சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதம் ஏ5 அளவில், எச்பி பென்சில் ஒன்று, 4, 8 எண் வட்டத் தூரிகைகள், இரண்டு தண்ணீர்க் குவளை, பழைய பருத்தித் துணி. வண்ணம் ஆறு போதும்: யெல்லோ ஓக்கர், லைட் ரெட், பர்ன்ட் சியன்னா, பெர்மனென்ட் அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரின், பிரஷ்யன் ப்ளூ. பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய எமரால்டு கிரீனில் ஆர்சனிக் உண்டு; தொடாதீர்கள்.

முதல் வேலை கண்மட்டக் கோடு. வரைபவர் நாற்காலியில் இருந்தால் அவர் கண் தரையிலிருந்து ஏறத்தாழ நாலு அடி. அந்தக் கோடு, சமதரையில் நிற்கும் எல்லாப் பெரியவர்களையும் மார்பருகே வெட்டும். பக்கத்தில் நிற்பவர், தூரத்தில் நிற்பவர், எல்லோருக்கும் அதே இடம்தான். இதைப் போட்டுவிட்டால் ஆட்கள் தரையில் ஊன்றி நிற்பார்கள். போடாவிட்டால் பின்னால் நிற்பவர் குள்ளராகவோ மிதப்பவராகவோ தெரிவார்.

பிறகு அதிக நேரம் அசையாதவரிலிருந்து தொடங்குங்கள். தூங்குபவர், படிப்பவர், தைப்பவர், கடைசியாகக் குழந்தைகள். ஒவ்வொருவருக்கும் முதலில் தலை உச்சி, இடுப்பு, பாதம் என்று மூன்று குறி. அவற்றை இணைக்கும் முதுகுக் கோடு. ஆள் எழுந்து போனால் விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போங்கள். திரும்ப அதே நிலைக்கு வருவார். தைப்பதும் காய் நறுக்குவதும் ஒரே அசைவு திரும்பத் திரும்ப நடக்கும் வேலைகள். நாலு பேருக்கு 15 நிமிடம் போதும். முகத்துக்குக் கண்குழியின் நிழலும் மூக்கின் அடிநிழலும் மட்டும்.

வண்ணம் வெளிறியதிலிருந்து அழுத்தத்துக்கு. சுவர், தரை, உடை எல்லாவற்றுக்கும் நீர்த்த முதல் பூச்சு. வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தை விட்டுவிட வேண்டும். மின்விசிறியடியில் பத்து நிமிடம் காயட்டும், மழைக்காலத்தில் இருபது. புறங்கையால் தொட்டால் சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடுத்து நிழல்களை ஒரே கலவையில் முடியுங்கள்: அல்ட்ராமரின் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு. நம் ஊர் மேனி நிறத்துக்குப் பர்ன்ட் சியன்னாவோடு ஒரு பொட்டு அல்ட்ராமரின். ஸ்காட்லாந்துக்காரர்களை நகலெடுத்துப் பழக லைட் ரெட் ஒன்று, ஓக்கர் இரண்டு, தண்ணீர் தாராளமாக. கடைசியாக முடி, பொத்தான், காலணி என்று மூன்று நாலு இடத்தில் மட்டும் கெட்டியான அடர்நிறம்.

என்னென்ன தவறிப்போகும்?

பூக்கோசு போன்ற விளிம்போடு கறை பரவுவதுதான் எல்லோருக்கும் வரும் முதல் சிக்கல். பாதி காய்ந்த பூச்சில் தண்ணீர் அதிகமுள்ள தூரிகையை வைத்தால், புதுத் தண்ணீர் பழைய வண்ணத் துகள்களைத் தள்ளிக்கொண்டுபோய் விளிம்பில் சேர்க்கிறது. முழு ஈரத்தில் தொடுங்கள், அல்லது முழுக்கக் காயவிடுங்கள்; இடைநிலையில் கை வைக்காதீர்கள்.

வண்ணம் சேறாகிறதென்றால் ஒரே கலவையில் நாலைந்து வண்ணம் சேர்ந்திருக்கும், அல்லது குவளைத் தண்ணீர் அழுக்காகியிருக்கும். கழுவ ஒரு குவளை, கலக்க ஒரு குவளை என்று பிரிப்பது இதற்காக. காகிதம் அலையடித்தால் அது மெல்லிய தாள்: இரண்டு நிமிடம் நனைத்து, பலகையில் கோந்து நாடாவால் நாலுபுறமும் ஒட்டிக் காயவைத்த பிறகு வரையுங்கள்.

உருவம் பொம்மைபோல விறைத்திருந்தால் முகத்தில் தொடங்கியிருப்பீர்கள். முகம் முடிந்ததும் உடலை அதற்கடியில் தொங்கவிட வேண்டியதாகிவிடுகிறது. ஜெமைமாவின் தொட்டிப் பையனை நகலெடுத்துப் பாருங்கள். இடுப்பிலிருந்து தொடங்கினால்தான் வரும்.

பழைய நீர்வண்ண ஆல்பம் கையில் இருந்தால் எப்படிப் பாதுகாப்பது?

காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம். அருங்காட்சியகங்களின் அளவு அது. ஈரப்பதம் 50 சதவீதத்தையொட்டி இருக்கட்டும். 65-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். பக்கங்களுக்கிடையே அமிலமற்ற தாள் வையுங்கள். செய்தித்தாள் வைத்தால் அதன் அமிலம் படத்துக்குள் ஏறிப் பழுப்புக் கறையாகும். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் அடைக்காதீர்கள், ஒட்டுநாடா போடாதீர்கள். படத்துக்கு அடியில் பென்சிலில் பெயர்கள் கிறுக்கியிருந்தால் அழிக்கவே வேண்டாம், ஓரத்தை வெட்டவும் வேண்டாம். "அத்தை", "ஜேம்ஸ்", "களஞ்சியம்" என்பது போன்ற அந்தக் கிறுக்கல்கள்தான் பின்னால் வருகிறவர்களுக்கு ஆளை அடையாளம் காட்டும். முழுப் பக்கத்தையும் கிறுக்கலோடு சேர்த்துப் படமெடுத்து, ஆல்பத்தில் அது எத்தனையாவது பக்கம் என்றும் குறித்துவையுங்கள்.